பெனிடோர்ம் போகலாமா? எந்தத் தெரு, எந்த மாதம், யாரோடு?

ஜனவரியில் லண்டன் குளிர் எலும்பு வரை இறங்கியதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "பெனிடோர்ம் மலிவாகக் கிடைக்கிறதே, பிள்ளைகளோடு போகலாமா?" பெனிடோர்ம் ஸ்பெயினின் கிழக்குக் கடலோர விடுமுறை ஊர், பேரைக் கேட்டதும் குழு இரண்டு கட்சியாகப் பிரியும். ஒரு கட்சி, "அய்யோ வேண்டாம், குடிகாரக் கூட்டம், எங்கே பார்த்தாலும் கான்கிரீட்" என்னும். இன்னொரு கட்சி, "ஊரிலிருந்து வந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம், அவ்வளவு வசதி, இன்னொரு தடவையும் போவோம்" என்னும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஊரில் வேறு வேறு தெருவில், வேறு வேறு மாதத்தில் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் ஊர் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, முதலில் எந்தத் தெருவில் ஓட்டல் பார்த்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்பது கொஞ்சம் தெரிந்தால் தேர்வு சுலபம். 1950களின் தொடக்கம் வரை இது மீனவர் ஊர். சூரை மீன் பிடிக்கும் பெரிய வலைத் தொழிலும், கப்பலில் போய்ச் சம்பாதிக்கும் ஆண்களுமாக இருந்த சின்ன ஊர். அப்போது மேயராக வந்த பெத்ரோ சரகோசாவுக்குச் சுற்றுலாதான் எதிர்காலம் என்று தோன்றியது. கடற்கரையில் பிகினி போட்ட வெளிநாட்டுப் பெண்களுக்குப் போலீஸ் அபராதம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிகினிக்கு இவர் அனுமதி கொடுக்க, திருச்சபையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இவர் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்ரிட் வரை போய் சர்வாதிகாரி பிராங்கோவையே நேரில் பார்த்து ஆதரவு வாங்கிவந்தார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் பிகினியை விடப் பெரிய காரியம், 1956இல் அவர் காலத்தில் போட்ட நகரத் திட்டம். அகலமான தெருக்கள், ஒவ்வொரு கட்டடத்தைச் சுற்றியும் காலி இடம். 60களில் உயரக் கட்டுப்பாடும் தளர்ந்ததும் எல்லாரும் மேலே மேலே கட்டிக்கொண்டு போனார்கள். 1967இல் பக்கத்து நகரமான அலிகாந்தேயில் விமான நிலையம் வந்தது, அதற்கப்புறம் கூட்டம் நிற்கவே இல்லை.

மற்றக் கடலோர ஊர்களில் விடுமுறை வீடுகள் மலையெல்லாம் பரவிக் கிடக்கும், ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டும். இங்கே எல்லாம் செங்குத்தாக நிற்பதால் கடலும் கடையும் பேருந்தும் நடக்கிற தூரம். வாடகைக் கார் தேவையே இல்லை. அடுக்குமாடி பார்த்தாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த வசதி அதே அடுக்குமாடியால் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்காக அழகு என்று சொல்லமாட்டேன். கிரான் ஓட்டல் பாலி என்று 186 மீட்டரில் ஒன்று நிற்கிறது, 2002இல் திறந்தபோது ஸ்பெயினிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதை விட உயரமாக, இரட்டைத் தூண்களை உச்சியில் சேர்த்துக் கட்டிய இன்டெம்போ. பொருளாதார நெருக்கடியில் சிக்கி வருஷக்கணக்கில் அரைகுறையாக நின்று, 2021இல்தான் ஒருவழியாக முடிந்தது. ராத்திரி விளக்குப் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பகலில் பார்த்தால்... சரி, அவரவர் ரசனை.

இனி முக்கியமான விஷயம். ஊருக்கு இரண்டு பெரிய கடற்கரைகள். கிழக்கே லெவாந்தே, சுமார் 2 கிலோமீட்டர். மேற்கே பொனியெந்தே, சுமார் 3 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைமேடு, அதன் மேல் பழைய ஊர். இந்த மூன்றில் எங்கே தங்குகிறீர்கள் என்பதுதான் உங்கள் விடுமுறையின் பாதித் தலைவிதி.

லெவாந்தேயில் மணல் மாவு மாதிரி மெல்லியது, கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் போகும். காலையில் 8 மணி வாக்கில் போய்ப் பாருங்கள். தண்ணீர் விளிம்பில் ஸ்பானிஷ் தாத்தா பாட்டிகள் வரிசையாக நடந்துகொண்டிருப்பார்கள், கடற்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அப்புறம் திரும்பி. பேச்சும் நடையும் ஒரே வேகம். தாத்தாவின் தொப்பை, பாட்டியின் தங்கச் சங்கிலி, கையில் செருப்பு. நடந்து முடித்தவர்கள் மடக்கு நாற்காலியை விரித்து, கால் மட்டும் தண்ணீரில் நனையும்படி உட்கார்ந்துகொள்வார்கள், ஒரு அலைக்கு ஒரு முறை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார்கள். 11 மணிக்கு மேல் அந்த விளிம்பில் துண்டு விரிக்கக்கூட இடம் இருக்காது, கோடையில் நான்கைந்து வரிசை. முதல் வரிசை பிடிக்க விடியுமுன்னே வந்து குடை நட்டுவிட்டுப் போய்த் தூங்கும் ஆட்களும் உண்டு, அதற்கு மாநகராட்சித் தடை இருக்கிறது. நள்ளிரவிலிருந்து காலை 7 வரை கடலில் குளிப்பதும் மணலில் படுப்பதும் கூடாது, மீறினால் அபராதம். அந்த நேரத்தில்தான் வண்டி விட்டு மணலைச் சலித்துச் சுத்தம் செய்கிறார்கள், காலையில் அந்தக் கடற்கரை இருக்கும் சுத்தத்தைப் பார்த்தால் கூட்டத்தைப் பற்றிய குறை பாதி போய்விடும்.

லெவாந்தேயின் கிழக்குக் கோடிக்குப் பின்னால் இருப்பது ரின்கோன் தெ லோயிஷ். பெனிடோர்ம் பற்றி நீங்கள் கேள்விப்பட்ட கெட்ட பெயர் அத்தனையும் இந்தச் சில தெருக்களில் சம்பாதித்தது. ஹெரோனா தெரு, மயோர்கா தெரு, இவற்றைச் சுற்றி ஆங்கிலேய மதுக்கூடங்கள், பெரிய திரையில் கால்பந்து, பழைய பாடகர்களைப் போல வேஷம் போட்டுப் பாடுகிறவர்கள், காலையில் முட்டை, பேக்கன், பீன்ஸ் போட்ட முழு இங்கிலீஷ் சாப்பாடு. கல்யாணத்துக்கு முந்திய கொண்டாட்டத்துக்கு என்று ஒரே நிறச் சட்டை போட்ட பட்டாளங்கள் வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயிற்றுக்கிழமை ஏறும். இருபத்திச் சொச்ச வயதில் நண்பர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம், மலிவாக ராத்திரி முழுக்கக் கூத்தடிக்க ஐரோப்பாவில் இந்த விலைக்கு வேறு இடம் கிடைப்பது கஷ்டம். ஆறு வயதுப் பிள்ளையோடு அங்கே அறை எடுத்தவர்கள்தான் ஊர் முழுக்கக் குடிகாரர்கள் என்று வந்து சொல்கிறார்கள். இணையத்தில் ஓட்டல் படத்தில் நீச்சல்குளம் தெரியும், ஜன்னலுக்குக் கீழே காலை 4 மணி வரை பாடும் ஒலிபெருக்கி தெரியாது. இன்னொன்று, அந்தப் பக்கம் பல ஓட்டல்கள் நல்ல ஏற்றத்தில் இருக்கின்றன. கடலுக்கு 600 மீட்டர் என்று போட்டிருப்பான், இறங்கும்போது சரி, வெயிலில் குடையும் பையும் தூங்கும் குழந்தையுமாக ஏறும்போதுதான் கணக்குப் புரியும். இணைய வரைபடத்தில் தெருக்காட்சியை (ஸ்ட்ரீட் வியூ) ஒரு முறை நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

லெவாந்தேயிலும் பழைய ஊரை ஒட்டிய பாதி வேறு மாதிரி. மாலை 5, 6 மணிக்குக் கடலோர நடைபாதைக் காப்பிக்கடைகளில் ஒருவர் கீபோர்டு வைத்து வாசிக்க, ஓய்வுபெற்ற ஸ்பானியர்கள் ஜோடி ஜோடியாக எழுந்து ஆடுவார்கள். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் தோல் செருப்பு, பாட்டியின் கையில் விசிறி, ஆட்டம் முடிந்ததும் அந்த விசிறி படபடவென்று அடிக்கும். வயதானவர்களுக்கு இப்படி வெட்கமில்லாமல் ஆட ஒரு இடம் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஸ்பெயின் அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு மானிய விலையில் விடுமுறை ஏற்பாடு செய்யும் இம்செர்சோ திட்டம் 1985இல் தொடங்கியது, குளிர்காலத்தில் இந்த ஊர் ஓட்டல்கள் அடைபடாமல் திறந்திருக்க அதுவும் ஒரு காரணம். பிப்ரவரியிலும் இந்த ஊர் உயிரோடு இருக்கும். மற்ற பல கடலோர ஊர்களில் அந்த மாதம் போனால் பூட்டிய கதவுகளைத்தான் சுற்றிப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு என்றால் என் ஓட்டு பொனியெந்தேக்கு. இந்தப் பக்கம் ஸ்பானிஷ் குடும்பங்கள் அதிகம், பகலிலும் மூச்சுவிட இடம் இருக்கும், ராத்திரி 12க்கு மேல் சத்தம் அடங்கிவிடும். 2009இல் முடித்த அலை அலையாக வளையும் நடைபாதை இருக்கிறது, கார்லோஸ் ஃபெர்ராத்தெர் என்ற பார்சிலோனா கட்டடக் கலைஞரின் குழு வடிவமைத்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் மாறிக்கொண்டே போகும் ஓடுகள், பிள்ளைகள் நிறத்துக்கு நிறம் தாவிக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் நடந்துவிடுவார்கள், 'தூக்கிக்கொள்' என்ற பேச்சே வராது. குறை என்னவென்றால் பொனியெந்தேயின் மேற்குக் கோடியில் தங்கினால் பழைய ஊருக்கு நல்ல தூரம். அந்த உயரமான பாலி ஓட்டலும் அந்தக் கோடியில்தான், அங்கிருந்து பக்கத்தில் இருப்பது லா காலா என்ற சின்ன வளைகுடா. அதனால் பழைய ஊருக்கும் பொனியெந்தேயின் நடுவுக்கும் இடையில் எங்கேயாவது பாருங்கள்.

பழைய ஊரில் பார்க்க அதிகம் இல்லை. நீலக் குவிமாடத் தேவாலயம், பழைய கோட்டை இருந்த இடத்தில் வெள்ளைத் தூண் கைப்பிடிச் சுவரோடு ஒரு கடல் பார்க்கும் மேடை, அதன் அடியில் மால் பாஸ் என்ற குட்டிக் கடற்கரை. ஆனால் சாப்பாடு அங்கேதான். சாந்தோ தொமிங்கோ தெருவில் அடுத்தடுத்து தபாஸ் (சின்னத் தட்டுச் சிற்றுண்டி) கடைகள், ரொட்டித் துண்டின் மேல் எதையாவது அடுக்கிக் குச்சி குத்தி வைத்திருப்பார்கள், தட்டில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு கடைசியில் குச்சியை எண்ணிக் காசு கேட்கும் கடைகளும் உண்டு. சைவக்காரர்கள் கவனிக்க: கலப்பு சாலட் என்று கேட்டால் மேலே சூரை மீன் போட்டுக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். காய்கறி பயேயா (அகலச் சட்டியில் வேகவைத்த ஸ்பானிஷ் சோறு) என்று பலகையில் இருந்தாலும் சோறு மீன் சாற்றில் வெந்ததா என்று கேட்டுவிடுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு, உப்புத் தூவிப் பொரித்த குட்டிப் பச்சைமிளகாய் (பத்தில் ஒன்று உறைக்கும், நம்மவர்களுக்கு அதுவும் போதாது), தக்காளி தேய்த்த ரொட்டி, தேன் விட்ட கத்தரிக்காய்ப் பொரியல். முட்டை உண்டென்றால் உருளைக்கிழங்கு போட்ட தடித்த ஆம்லெட், தோர்த்தியா, எங்கும் கிடைக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை, அரோஸ் அ பந்தா. மீன் சாற்றில் வெந்த சோறு, இந்த அலிகாந்தே கரையின் சொந்தச் சாப்பாடு. அதை மதியம் சாப்பிடுங்கள், ஸ்பானியர் மதியம் 2 மணிக்குமேல் சாப்பிடுவது அது. இந்திய உணவகங்கள் லெவாந்தே பக்கம் இருக்கின்றன, எல்லாம் ஆங்கிலேய நாக்குக்குச் சமைத்த வட இந்தியச் சாப்பாடு, தோசையை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

மாதம். ஆகஸ்டில் போகாதீர்கள், பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால்கூட ஜூலை கடைசி வாரத்திலேயே போய்வந்துவிடப் பாருங்கள். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை, அதை ஒட்டி மாட்ரிட்டே காலியாகி இங்கே வந்து இறங்கும். வெயில் 30, 32 டிகிரிதான், சென்னைக்காரர் சிரிப்பார், ஆனால் ராத்திரிப் புழுக்கம் நம்ம ஊர்ப் புழுக்கம், ஏசி சரியாக வேலை செய்யாத மலிவு அறை என்றால் தூக்கம் போச்சு. மே கடைசியில் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு வரும் அரைப் பருவ விடுமுறையில் வெயில் அருமை, கடல்தான் 19, 20 டிகிரி, பிள்ளைகள் இறங்கும், நீங்கள் முழங்காலோடு நின்றுவிடுவீர்கள். அக்டோபர் கடைசிதான் என் தேர்வு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 21 டிகிரியை ஒட்டி இருக்கும், கூட்டம் பாதி, விலையும் இறங்கியிருக்கும். நடுவில் ஒரு நாள் கொட்டித் தீர்க்கும் மழை வரலாம், அந்தக் கரையில் இலையுதிர்கால மழை வந்தால் கொஞ்சமாக வராது. நவம்பர் நடுவில் ஊர்த் திருவிழா, அதை ஒட்டிய வியாழக்கிழமை ஆங்கிலேயர்கள் ஆயிரக்கணக்கில் வேஷம் கட்டிக்கொண்டு ரின்கோன் தெருக்களில் இறங்குவார்கள். அதற்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முழங்கால் வலி அம்மா, சக்கர நாற்காலி அப்பா என்று யோசிப்பவர்களுக்கு இந்த ஊரை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடலோரம் முழுக்கச் சமதளம், மின் ஸ்கூட்டர் வண்டி தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைக்கும், இரண்டு கடற்கரையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் ஒதுக்கி, தண்ணீரில் மிதக்கும் நாற்காலியில் வைத்துக் கடலுக்குள் கொண்டுபோக ஆட்கள் இருப்பார்கள் (கோடை மாதங்களில்). பிள்ளைகளுக்கு அக்வாலாந்தியா நீர் விளையாட்டுப் பூங்கா, தெர்ரா மீத்திகா பூங்கா எல்லாம் உண்டு. அவை குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.

போகவே கூடாதவர்களும் உண்டு. கடற்கரை என்றால் பைன் மரம், தெளிந்த தண்ணீர், ஆளரவமில்லாத சிறு குடா என்று மனதில் படம் வைத்திருப்பவர்கள், ஸ்பானிஷ் கிராமம் பார்க்க வேண்டும் என்பவர்கள், புதுமணத் தம்பதிகள். நீங்கள் அங்கே போய் நான்காம் நாள் என்னைத்தான் திட்டுவீர்கள். உங்களுக்கென்றே பெனிடோர்முக்குப் பக்கத்தில் அல்தேயா என்ற ஊர் இருக்கிறது, வெள்ளைச் சுவர், குறுகிய படிக்கட்டுத் தெருக்கள், நீலக் குவிமாடம். அங்கே கடற்கரை கூழாங்கல், மணல் கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. மணலும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்றால் தெற்கே வியாஹொயோசா: கடலைப் பார்த்து நிற்கும் மஞ்சள், சிவப்பு, நீல வீடுகள், சாக்லேட் செய்யும் ஊர் என்பதால் பிள்ளைகளை அழைத்துப்போகவும் ஒரு சாக்கு. இரண்டு ஊருக்கும் பெனிடோர்மிலிருந்து டிராமில் போகலாம். அதனால் மலிவாக இங்கே தங்கிக்கொண்டு, அங்கங்கே போய்விட்டு வருவதுதான் நான் கண்ட நல்ல ஏற்பாடு.

ஊருக்குப் பின்னால் புய்க் கம்பானா என்று 1,400 மீட்டருக்கு மேல் ஒரு மலை, உச்சியில் சதுரமாக வெட்டி எடுத்தாற்போல ஒரு பள்ளம். கடலுக்கு நடுவில் முக்கோணமாக ஒரு தீவு. மலையிலிருந்து ஒரு வீரன் உதைத்த பாறைதான் அந்தத் தீவு என்று கதை சொல்வார்கள். படகில் போய்வரலாம், ஆனால் தீவு வெறும் பாறைதான், மணல் இல்லை. அதை விட, லெவாந்தே முனையிலிருந்து சிலுவைக் குன்றுக்கு மாலையில் ஏறுங்கள், ஊர் மொத்தமும் காலடியில் தெரியும். கைப்பிடி இல்லாத பாறை விளிம்புகள் இருக்கின்றன, பிள்ளைகள் கையை விடக்கூடாது.

லெவாந்தே நடைபாதையில் மூன்று மூடிக்குக் கீழே பட்டாணியை ஒளித்துப் பந்தயம் கட்டச் சொல்லும் கும்பல் நிற்கும். சுற்றி நின்று ஜெயிக்கிறவன், தோற்கிறவன், போலீஸ் வருதா என்று பார்க்கிறவன் எல்லாம் ஒரே ஆட்கள், நின்று வேடிக்கைகூடப் பார்க்காதீர்கள், பார்க்கிற நேரத்தில் பையில் கை போகும். அப்புறம், இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், பிரிட்டனில் குடியிருப்பு அனுமதி இருந்தாலும் ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். மலிவு டிக்கெட் கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டு, விசா நேர்காணலுக்கு இடம் கிடைக்காமல் டிக்கெட்டை விட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். முதலில் விசா நேரம், பிறகு டிக்கெட்.

அலிகாந்தே விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடும். திரும்பும் நாள் வார இறுதி என்றால் அந்தப் பேருந்து நிறைந்துவிடும், டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். கிடைக்காவிட்டால் டிராமில் அலிகாந்தே நகரம் வந்து, அங்கிருந்து சி6 பேருந்தில் விமான நிலையம் போகலாம், காசு குறைவு, ஆனால் எப்படியும் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். டிராம் நிலையம் ஊருக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிறது, பெட்டியோடு நடக்க நினைக்காமல் நகரப் பேருந்தில் ஏறிவிடுங்கள்.